வெயிலில் உருகாத சாக்லேட்டுக்குள் என்ன இருக்கிறது?

சித்திரை பிறந்துவிட்டால் செங்கல்பட்டில் நண்பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். கோகோ வெண்ணெய் உருகுவதோ சுமார் 34 டிகிரியில். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிக் கடப்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் விற்கும் சாக்லேட்டைப் பற்றி ஒரு கேள்வி எழத்தான் செய்யும். குளிர்பெட்டிக்கு வெளியே, கண்ணாடி ஜாடியில், வெக்கையில் நாள்கணக்கில் கிடந்தும் உருவம் குலையாத ஒரு பொருளில் கோகோ வெண்ணெய் எவ்வளவு இருக்க முடியும்?

இது ருசி பற்றிய கேள்வி மட்டுமில்லை. சாக்லேட் இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வராத வீடே இல்லை. அந்தச் செய்தியில் உண்மை உண்டு. அது கோகோ விதையைப் பற்றிய உண்மை. வார இறுதியில் சென்னையிலிருந்து கடற்கரைக்கு வந்து இறங்கும் குடும்பங்களும், திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் வாங்கித் தின்னும் பொருளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை.

குற்றாலத்தில் வந்து இறங்கிய கன்று

கோகோ மரம் தென் அமெரிக்கக் காட்டு மரம். இந்தியாவில் அது முதலில் வேர் பிடித்த இடம் தமிழ்நாடு. 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அம்பொய்னா தீவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டார்கள். பிறகு நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வியாபாரப் பயிராக அது காலூன்றியது 1960-களுக்குப் பிறகுதான்; கேட்பரி நிறுவனம் கேரளத்தில் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்து வளர்க்கச் சொன்ன காலம் அது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ காய்க்கிறது. மரத்தின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும் காயைப் பறித்து உடைத்தால், வெள்ளைச் சதை பொதிந்த விதைகள் இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாகச் சாப்பிட நன்றாக இருக்கும். விதை கசக்கும்.

அந்தக் கசப்பு விதையைச் சதையோடு பெட்டியில் குவித்து, வாழையிலை மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். புளிக்காத விதையில் சாக்லேட் மணம் வராது. எத்தனை வறுத்தாலும் வராது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் தென்னை உண்டு, கோகோ இல்லை. நிழல், ஈரக்காற்று, ஆண்டெல்லாம் பரவிப் பெய்யும் மழை மூன்றும் கோகோவுக்கு வேண்டும். இங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் வறட்சி. மணல் பூமியில் கோகோ இலைகள் கருகிவிடும். ஆனால் இதே சாலையில் தெற்கே போனால், புதுச்சேரிக்குச் சற்று முன்னால் ஆரோவில் பகுதியில் மேசன் அண்ட் கோ என்ற சிறு நிறுவனம் தென்னிந்தியத் தோட்டங்களின் கோகோ விதையை வாங்கி, வறுப்பதிலிருந்து கட்டி வார்ப்பது வரை தானே செய்கிறது. ஆனைமலையில் சோக்லெட் என்ற பெயரில் தோட்டக்காரர்களே மரத்திலிருந்து கட்டி வரை எல்லா வேலையையும் பார்க்கிறார்கள். நம் மண்ணில் விளைந்த விதையில் நல்ல சாக்லேட் செய்ய முடியும் என்பதற்கு இவை கண்ணெதிரே உள்ள சான்றுகள். விலைதான் எல்லாராலும் எட்ட முடியாததாக இருக்கிறது.

விதையின் சத்து

70 முதல் 85 சதவீதம் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட் 100 கிராமில் சுமார் 600 கலோரி, 43 கிராம் கொழுப்பு, 11 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் இரும்பு, 228 மில்லிகிராம் மக்னீசியம் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை சொல்கிறது. சர்க்கரை 24 கிராம். அதே அட்டவணையில் பால் சாக்லேட்டைப் பார்த்தால் இரும்பு 2.4 மில்லிகிராமாகவும் மக்னீசியம் 63 மில்லிகிராமாகவும் இறங்கிவிடுகின்றன. சர்க்கரை 50 கிராமைத் தாண்டிவிடுகிறது. பாலிலிருந்து கொஞ்சம் கால்சியம் கூடுவது ஒன்றுதான் அதன் பக்கம் சொல்லக்கூடியது.

100 கிராம் யாரும் சாப்பிடப் போவதில்லை, சாப்பிடவும் கூடாது. 20 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் மக்னீசியம் சுமார் 46 மில்லிகிராம். நம் நாட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 370 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் வகுத்த அளவு சொல்கிறது. எட்டில் ஒரு பங்கு கிடைக்கிறது, மோசமில்லை.

இரும்பு விஷயத்தில் கவனம் தேவை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சாக்லேட்டில் இரும்பு அதிகம் என்று கேள்விப்பட்டு மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கோகோவில் இருக்கும் பாலிஃபீனால்கள், தேநீரில் இருப்பவை போலவே, தாவர உணவின் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ரத்தசோகைக்கு மருந்தாகச் சாக்லேட்டை நம்பக் கூடாது. சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் மாத்திரையோடு கோகோ பானம் குடிக்காமல் இருப்பதும் நல்லது.

பிறகு எதற்காக உலகம் முழுவதும் மருத்துவர்கள் கோகோவைப் பற்றிப் பேசுகிறார்கள்? அதில் உள்ள ஃபிளவனால்களுக்காக. முக்கியமாக எபிகேட்டச்சின். இது ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவுகிறது; குழாய் தளர்ந்து விரிகிறது; ரத்தம் எளிதாக ஓடுகிறது.

இந்த ஆர்வத்தைக் கிளப்பிவிட்டவர்கள் பனாமா நாட்டுக் கடலோரத் தீவுகளில் வாழும் கூனா பழங்குடியினர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நார்மன் ஹோலன்பெர்க் 1990-களில் அவர்களைப் பரிசோதித்தபோது, வயதானவர்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறவில்லை என்று கண்டார். உப்பு குறைவாகத் தின்றதால் அப்படி இருக்கலாம் என்றால், அவர்கள் உப்பும் தாராளமாகவே சேர்த்தார்கள். பரம்பரைதான் காரணமோ என்றால், பனாமா நகருக்குக் குடிபெயர்ந்த கூனா மக்களுக்கு மற்றவர்களைப் போலவே அழுத்தம் ஏறியது. தீவில் இருந்தவர்கள் தினமும் பல கோப்பை கோகோ குடித்தார்கள். ஆலைக்குப் போகாத, அதிகம் பதப்படுத்தாத கோகோ.

தீவு வாழ்க்கையில் மீனும் உழைப்பும் உண்டு, நகரத்து மன அழுத்தம் இல்லை. எல்லாப் பெருமையையும் கோகோவுக்கே கொடுத்துவிட முடியாது. அதனால் சோதனை நடத்திப் பார்த்தார்கள். 2017-இல் காக்ரேன் அமைப்பு பல சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, ஃபிளவனால் நிறைந்த கோகோ ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 2 புள்ளிக்கும் சற்றுக் குறைவாக இறக்கியது தெரிந்தது. 150 இருப்பவருக்கு 148. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கான மாற்றம் இல்லை.

இதுவரை நடந்ததில் பெரியது அமெரிக்காவின் காஸ்மாஸ் ஆய்வு. 21,442 முதியவர்கள், ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் உள்ள கோகோ சாறு மாத்திரையாகக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது: இந்த ஆய்வுக்குப் பண உதவி செய்தவர்களில் மார்ஸ் என்ற சாக்லேட் நிறுவனமும் ஒன்று, ஆய்வில் யாருக்கும் சாக்லேட் கொடுக்கப்படவில்லை.

நம் ஊருக்கு அதிகம் சம்பந்தப்பட்ட ஆய்வு 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் சுமார் 1.92 லட்சம் பேரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்ததில், வாரத்தில் ஐந்து முறையாவது கறுப்புச் சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 21 சதவீதம் குறைவாக வந்திருந்தது. பால் சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எடை கூடியதுதான் மிச்சம். கறுப்புச் சாக்லேட் தேடிச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவராக இருக்கலாம், ஆகவே சாக்லேட்தான் நோயைத் தடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வகைக்கும் இடையில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

காரம் சேர்த்தால் போவது

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. 1824 ஒப்பந்தத்தில் இந்தியாவில் தங்களிடம் இருந்த இடங்களை அவர்கள் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1828-இல், ஆம்ஸ்டர்டாமில் வான் ஹூட்டன் குடும்பம் கோகோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. மிஞ்சிய தூளில் காரம் (ஆல்கலி) சேர்த்துக் கசப்பையும் புளிப்பையும் குறைக்கும் வழியும் அவர்கள் கொண்டுவந்ததே. இன்றும் அதற்கு டச்சு முறை என்றுதான் பெயர். தூள் கருத்து, அழகாகி, பாலில் எளிதில் கலந்தது. உலகம் முழுக்கக் கோகோ பானம் பரவியதற்கு இது பெரிய காரணம்.

இழப்பு என்னவென்று வெகுகாலம் யாரும் அளக்கவில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், காரம் சேர்க்காத தூளில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. மிகுதியாகக் காரம் சேர்த்த தூளில் 3.9. கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருந்தது. கடையில் கோகோ தூள் வாங்கும்போது பொருள்பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500, 501, 525 போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது காரம் சேர்த்த தூள். கேக்குக்கு நிறம் தரும். ரத்தக்குழாய்க்கு அதிகம் செய்யாது.

உறையைத் திருப்புங்கள்

வெயிலுக்கு வருவோம். கோகோ வெண்ணெய் விலை கூடியது, வெக்கையில் நிற்காதது. அதனால் அதை எடுத்துவிட்டு, செம்பனைக் கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கிச் சேர்க்கிறார்கள். சர்க்கரை, இந்தக் கொழுப்பு, கொஞ்சம் கோகோ தூள், வாசனை. பேக்கரிக்காரர்கள் இதைக் காம்பவுண்ட் என்பார்கள். கேக்கின் மேல் துருவிப் போடுவது, பிஸ்கெட்டின் மேல் பூசுவது, சுற்றுலாத் தலங்களில் வீட்டுத் தயாரிப்பு என்று எழுதி எடைபோட்டு விற்பது ஆகியவற்றில் பெரும்பங்கு இதுதான். நம் கடற்கரை வெயில் இதற்குத் தோதான சந்தை.

உடம்புக்கு இதில் என்ன வேறுபாடு? கோகோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டியரிக் அமிலம். அது கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்-ஐ ஏற்றுவதில்லை. ஏறக்குறைய அதே அளவு ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருப்பது. காம்பவுண்டில் மிகுந்திருக்கும் லாரிக் வகைக் கொழுப்பு எல்.டி.எல்-ஐ ஏற்றும். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீத வரம்பை உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது பெரிய ஆறுதல். வரம்புக்கு உட்பட்டு இருந்தாலும் அந்தப் பொருள் சாக்லேட்டின் நன்மைகளுக்கு உரிமை கொண்டாட முடியாது.

2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளில் மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்ததன் விளைவு அது. விலை பிறகு இறங்கினாலும், அந்த நெருக்கடியில் கோகோவைக் குறைத்துச் சர்க்கரையையும் வேறு கொழுப்பையும் கூட்டிக்கொள்ள ஆலைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆகவே உறையின் பின்பக்கத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொருள்பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும். முதலில் சர்க்கரை என்றிருந்தால் நீங்கள் வாங்குவது கோகோ வாசனை உள்ள சர்க்கரை. 50 கிராம் பால் சாக்லேட் கட்டியில் சுமார் 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைக் காபியில் போட்டதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4. இப்படிப்பட்ட மாநிலத்தில் சாக்லேட்டை ஆரோக்கியப் பொருள் என்று விளம்பரம் செய்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், ஆரோக்கிய பானம் என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டி, போர்ன்விட்டா உள்ளிட்டவற்றை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த டப்பாக்களைச் சத்து என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்த தலைமுறைகளுக்கு இது மிகத் தாமதமாக வந்த திருத்தம்.

சர்க்கரை இல்லாதது என்று எழுதிய கட்டிகளில் பெரும்பாலும் மால்டிடால் இருக்கும். அதிகம் தின்றால் வயிறு கலங்கும். கருப்பட்டி போட்ட சாக்லேட் இப்போது பல கடைகளில் கிடைக்கிறது. மணம் அருமை, பனையேறிக்குக் காசு போகிறது என்றால் மகிழ்ச்சி. ஆனால் கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான்; நீரிழிவு உள்ளவருக்கு அது விதிவிலக்காகாது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கோகோவைக் குறைக்க வேண்டும், அதில் ஆக்சலேட் அதிகம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. நாய் வளர்ப்பவர்கள் ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது. கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். சாக்லேட் உருகி மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பூஞ்சணம் என்று பயந்து எறிய வேண்டாம், அது கொழுப்பு மேலே வந்து படிந்தது. ருசி குறையும், கெடுதல் இல்லை.

எப்படித்தான் சாப்பிடுவது என்று கேட்டால், என் பதில் இது. கோகோ 70 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு கோகோ வெண்ணெய் மட்டும், நாளைக்கு 10 முதல் 20 கிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. 2022-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த 28 கறுப்புச் சாக்லேட்டுகளிலும் ஈயமும் காட்மியமும் தென்பட்டன. 23-இல் கவலைப்படும் அளவுக்கு இருந்தன. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம். பணம் அதிகம் செலவழிக்க முடியாதவர்கள் காரம் சேர்க்காத, இனிப்பில்லாத கோகோ தூளை வாங்கலாம். ஒரு மேசைக்கரண்டி, 5 கிராம், பாலில். அதில் பத்துப் பன்னிரண்டு கலோரிதான். நார்ச்சத்தும் 25 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கும்.

மக்னீசியமும் புரதமும்தான் நோக்கம் என்றால் கோகோவைத் தேடி எங்கும் போக வேண்டாம். மதுராந்தகம், செய்யூர் வட்டாரத்தில் விளையும் வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதமும் 170 மில்லிகிராமுக்குக் குறையாத மக்னீசியமும் இருக்கின்றன. அவித்த கடலை ஒரு கைப்பிடி, எள்ளுருண்டை ஒன்று, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு இவற்றைக் கொடுத்துவிட்டு, சாக்லேட்டைச் சந்தோஷத்துக்காக எப்போதாவது கொடுப்போம். சந்தோஷமும் வேண்டியதுதான், அதற்கு மருத்துவக் காரணம் தேடத் தேவையில்லை.

உறையைப் படியுங்கள் என்று எழுதிவிட்டேன். எந்த மொழியில் படிப்பது? உணவுப் பொட்டல விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் கட்டாயமில்லை. சர்க்கரை, உப்பு, நிறை கொழுப்பு அளவுகளைத் தடித்த எழுத்தில் காட்டச் சொல்லும் யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அந்த எழுத்து பொட்டலத்தின் முன்பக்கத்தில் வர வேண்டும். கூடவே கோகோ எத்தனை சதவீதம், கொழுப்பு கோகோ வெண்ணெயா வேறு கொழுப்பா என்ற இரண்டு வரிகளும் வர வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் அவை தமிழில் இருக்க வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்கித் தரட்டும். அதுவரை, வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் உறையைக் கொடுத்து, முதல் மூன்று பொருள்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.